காந்தலூருக்குப் போய் வந்தோம்

உடுமலைப்பேட்டையை விட்டுத் தெற்கே மறையூர்ச் சாலையில் திரும்பியதும் ஆனைமலைத் தொடர் கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. சென்ற மே மாதக் கடைசியில், இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நாங்கள் ஒன்பது பேர் அந்தச் சாலையில் பேருந்தேறினோம். கடல் கடந்து வாழும் நம்மவர்கள் ஊருக்கு வந்தால் உறவினர் வீடு, குலதெய்வக் கோயில், துணிக்கடை ஆகிய மூன்று இடங்களுக்குள்ளேயே விடுமுறை முழுவதையும் கழித்துவிடுவது வழக்கம். இம்முறை அந்த வழக்கத்தை மீறுவதென்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

அமராவதி அணைக்குச் செல்லும் பாதை பிரிந்த பிறகு ஊர்கள் குறைந்து காடு தொடங்குகிறது. மழை குறைந்த முட்காடு. சின்னாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரளம். பெயர்ப் பலகைகளின் எழுத்து மாறுகிறதே தவிர, பேச்சு மாறவில்லை. பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவர் நடத்துநரோடு சில்லறைக்காகச் சண்டையிட்டதும் தமிழில்தான். நடத்துநர் பணிந்துபோனதும் தமிழில்தான்.

மறையூரில் இறங்கினோம். கேரளத்தில் சந்தன மரங்கள் இயற்கையாக அடர்ந்து வளரும் காடு இதுவே. கம்பி வேலிக்குப் பின்னால் காவலோடு நிற்கும் அம்மரங்களைப் பார்த்த பிள்ளைகள், "வாசனையே வரவில்லையே" என்று ஏமாந்தார்கள். மணம் மரத்தின் உள்வயிரத்தில் இருக்கிறதென்று சொல்லித் தேற்றினோம். மலைப்பாறைகளின் மேல் பெருங்கற்காலத்துக் கல்லறைகள் பல இருக்கின்றன. நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, ஐந்தாவதை மூடியாகப் போட்டாற்போன்ற அவற்றை ஊரார் முனியறை என்கிறார்கள். கரும்பு வயல்களுக்கிடையே வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் புகைந்துகொண்டிருந்தன. மறையூர் வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் பிடித்த உருண்டை ஒன்றை வாங்கி ஒன்பது பேரும் பங்கிட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினோம்.

காந்தலூர் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதானோ என்று எங்களுள் ஒருவர் ஐயுற்றார். அது திருவனந்தபுரத்துப் பக்கம் என்பது அறிஞர் கருத்து. இது இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த ஊர். மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி, காந்தலூர் என்னும் ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு எனப்படும். பல தலைமுறைகளுக்கு முன் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்து குடியமர்ந்தவர்கள் தாங்கள் என்று இவ்வூர்த் தமிழ்க் குடிகள் சொல்லிக்கொள்கிறார்கள். நம்மைப்போலக் குடிபெயர்ந்தவர்கள்தாம், நமக்குக் கப்பலும் விமானமும் வாய்த்தன, இவர்களுக்குக் கால்களே வாய்த்தன. முதுவரும் மலைப்புலையரும் இங்கே வாழ்ந்துவருகிறார்கள்.

படிக்கட்டுப் போல அடுக்கடுக்காக வெட்டிய வயல்கள். பூண்டு, முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, பீன்ஸ். மேல் சரிவுகளில் பிளம், பீச், ஆப்பிள். கேரளத்தில் ஆப்பிள் காய்க்கும் ஊர் என்றால் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நாங்கள் போன நாளில் ஆப்பிள் பிஞ்சுதான். பிளம் மட்டும் சிவந்து தொங்கியது. மேற்கே பொழியும் பெருமழையை மலைச்சுவர் தடுத்துவிடுவதால் இங்கு மழை அளவோடுதான் பெய்கிறது. வடியும் நீரும் மற்றக் கேரள ஆறுகளைப்போல அரபிக்கடலுக்குப் போவதில்லை. பாம்பாறு கிழக்கே திரும்பி, அமராவதியாகிக் காவிரியில் கலக்கிறது. இப்படிக் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் கேரளத்தின் 44 ஆறுகளில் மூன்றே.

2023ஆம் ஆண்டில் இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் காந்தலூருக்குத் தங்கப் பிரிவில் பரிசு கிடைத்தது. தங்கும் விடுதிகள் பல இருக்கின்றன. எங்களுடையது பழத்தோட்டத்தின் ஓரத்தில் இருந்த சிறு விடுதி. பெயர் வேண்டாம். அங்கு நடந்ததில் குறை எங்கள் பக்கத்தில்தான் மிகுதி.

இரவு உணவுக்கு அமர்ந்தோம். சப்பாத்தி, பூண்டுக் குழம்பு, பீன்ஸ் பொரியல். குளிருக்கு இதமாக ஒவ்வொன்றும் கொதிக்கக் கொதிக்க வந்தது. பரிமாறியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மையார். கேட்டது உடனே வந்தது. கேட்காமலே பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துத் தனிக் குழம்பும் வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "நல்ல குழம்பு அம்மா" என்று புகழ்ந்தபோதும் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நாங்கள் உண்டு முடிக்கும்வரை சுவரோரமாக நின்றார். அவருக்குப் பின்னால் பெரிய வண்ணப்படம் ஒன்று மாட்டியிருந்தது. முதுகில் கூடையுடன், தேயிலைத் தோட்டத்தில் நின்று பல் தெரியச் சிரிக்கும் பெண்ணின் படம்.

எங்களுள் மூத்தவர் ஓய்வுபெற்ற கணக்கர். கொடுக்கும் காசுக்குக் கணக்குப் பார்ப்பவர். "உணவு முதல்தரம். ஆனால் இந்த அம்மாள் முகத்தில் மலர்ச்சியில்லையே! அனிச்சப் பூவைச் சொன்ன வள்ளுவர் என்ன சொன்னார்? முகம் வேறுபட்டாலே விருந்தினர் வாடிவிடுவர் என்றாரே!" என்றார். நாங்களும் தலையாட்டினோம். இதை மறைத்துப் பயனில்லை. அவர் உடனே கைப்பேசியை எடுத்து, விடுதியின் பெயருக்கு நேரே ஐந்து நட்சத்திரத்திற்குப் பதில் மூன்று இட்டு, "உணவு நன்று. பரிமாறுபவர் சிடுசிடுத்த முகத்தினர்" என்று எழுதினார். அவருடைய மகளும் எங்களோடு வந்திருந்தாள். நாம் வாழும் நகரத்தில் பெரிய விடுதியொன்றின் வரவேற்பு மேசையில் பணிபுரிபவள். அவள் மட்டும் ஏதும் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போனாள்.

மறுநாள் காலை இட்லியோடு விடுதி முதலாளியும் வந்தார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். "சொல்லிவிட்டேன் சார், இனி அப்படி இருக்காது" என்றார். அவரைக் கொடியவராக எண்ணிவிட வேண்டாம். வங்கிக் கடனில் கட்டிய நான்கு அறைகளின் உரிமையாளர் அவர். ஒரு நட்சத்திரம் குறைந்தால் அடுத்த வாரம் இரண்டு அறைகள் காலியாகிவிடும் என்று தம் அச்சத்தை அவரே சொன்னார். பிறகு அந்த அம்மையார் சட்டினி வாளியுடன் வந்தார். வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எப்படி விவரிப்பது? உதடுகள் இரு பக்கமும் விரிந்தன. கண்கள் எங்கள் மூத்தவரின் முகத்திலேயே நின்று, போதுமா என்று கேட்டன. ஒவ்வோர் இலைக்கும் குனியும்போது அச்சிரிப்பை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டாவது இட்லி எங்களுள் யாருக்கும் இறங்கவில்லை. மூத்தவர்தாம் பொறுக்க மாட்டாமல், "உங்களுக்கு எங்கள் மேல் ஏதாவது கோபமா அம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. எனக்கு முகமே இப்படித்தாங்க. எங்கம்மாவுக்கும் இதே முகந்தான். மூணாறு எஸ்டேட்டுல கொழுந்தெடுத்தவங்க. கங்காணி சிரிக்கச் சொல்லலீங்க, எடை மட்டும்தான் பார்ப்பாரு" என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

உள்ளூரத் துயரக் கதை ஏதாவது இருக்கும், அதைக் கேட்டு இரக்கப்பட்டு அவரை மன்னித்துவிடலாம் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவரிடம் துயரமும் இல்லை, எங்களிடம் மன்னிப்பதற்கு ஏதும் இல்லை. அது அவருடைய முகம். அவ்வளவுதான்.

அன்று காலை தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போனோம். ஒரு வீட்டுத் திண்ணைக்கு மேலே பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காந்தலூர் வட்டவடைப் பூண்டு சிறியது. மணமும் காரமும் மிகுந்தது. 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது. வீட்டுக்காரப் பாட்டியிடம் விலை கேட்டோம். சொன்னார். குறைக்கக் கேட்டோம். "வேணும்னா எடு, இல்லாட்டி வச்சிட்டுப் போ. உடுமலைச் சந்தையில போய்க் கேளு" என்று எரிந்து விழுந்தார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. நாங்கள் அனைவரும் அதை ரசித்தோம். "என்ன கம்பீரம் பார்த்தீர்களா! மலைமக்களின் மாசற்ற இயல்பு" என்றுகூட ஒருவர் சொன்னார். கேட்ட விலைக்கே இரண்டு கிலோ வாங்கினோம். யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

மேட்டில் ஏறும்போதுதான் மூத்தவரின் மகள் வாய் திறந்தாள். "அப்பா, பாட்டி பூண்டுக்குச் சொந்தக்காரர். அதனால் அவர் சிரிக்காதது கம்பீரம். அந்த அம்மா சம்பளத்துக்கு இருக்கிறவர். அதனால் அவர் சிரிக்காதது சிடுசிடுப்பு. அப்படித்தானே?"

தந்தை பதில் சொல்லவில்லை. அவள் தொடர்ந்து சொன்னது வீட்டில் யாரும் அதுவரை கேட்டறியாத செய்தி. சென்ற ஆண்டு ஒரு நாள், எட்டு மணி நேரப் பணியின் முடிவில், பயணி ஒருவருக்கு அறைச் சாவியைக் கொடுத்திருக்கிறாள். அவர் போய், 'மேசையிலிருந்த பெண்ணுக்கு எங்களைக் கண்டு மகிழ்ச்சியில்லை' என்று எழுதிவிட்டார். அம்மாதத்து ஊக்கத்தொகை பிடிக்கப்பட்டது. அது போதாதென்று, கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகும் பயிற்சி வகுப்புக்கும் இரண்டு நாள் அனுப்பினார்கள். "அந்த மாதம் வீட்டுக்கு ஏன் குறைவாகக் கொடுத்தாய் என்று கேட்டீர்கள். செலவாகிவிட்டது என்றேன். மாலையில் கன்னம் வலிக்கிறது என்றேன், பல் மருத்துவரிடம் போகச் சொன்னீர்கள்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அச்சிரிப்பு எந்த வகையைச் சேர்ந்ததென்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுடைய தந்தைக்கும் தெரியவில்லை என்பதை அவர் முகம் காட்டியது.

இந்த ஒரு விஷயத்தையே பேசிக்கொண்டு நடந்ததில் பார்க்க வேண்டிய அருவி ஒன்றைப் பார்க்காமலே திரும்பிவிட்டோம்.

முதலில் வள்ளுவரைப் பற்றிய வழக்கு. விருந்தோம்பல் அதிகாரம் இல்லறவியலில் இருக்கிறது. முகமலர்ச்சியை அவர் வேண்டியது வீட்டுக்குடையவரிடம். கதவைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை பெற்றவர் திறந்து வரவேற்கும்போது அந்த மலர்ச்சிக்குப் பொருளுண்டு. நமக்கு இலை போட்ட அம்மையாரிடம் அவ்விடுதியின் சாவி இல்லை. அறைக்கு வாடகை கொடுத்த கணத்தில் நாம் விருந்தினர் பீடத்தில் ஏறி அமர்ந்துவிட்டோம். விருந்து அளிப்பவராக நாம் எதிர்பார்த்ததோ நாள் கூலிக்காரரை. இப்படி எங்களுள் ஒருவர் வாதித்தார். மூத்தவர், "வள்ளுவரை நான் இழுத்திருக்கக் கூடாது" என்று மட்டும் ஒப்புக்கொண்டார்.

புன்னகையை வேலையின் பகுதியாக்கும் வழக்கம் உலகம் முழுதும் உண்டு. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு மரியாதையோடு பழகும் இயக்கத்தை அரசே தொடங்கி நடத்தியது. 1982இல் அதற்குச் சிரிக்கும் சிங்கம் ஒன்று சின்னமாயிற்று. அந்நாட்டுத் தமிழர் பலருக்கு அச்சிங்கம் இளமை நினைவு. அதில் ஒரு நியாயம் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்: விற்பவரும் வாங்குபவரும் ஆகிய எல்லாரையும் அது மரியாதையோடு நடக்கச் சொன்னது. ஜப்பானிலோ ஓர் அமெரிக்க உணவுக் கடைத் தொடர், தன் விலைப்பட்டியலிலேயே 'புன்னகை, 0 யென்' என்று அச்சிட்டது. விளையாட்டாகச் செய்ததுதான். ஆனால் சும்மா கிடைக்கும் பொருளுக்கும் விலைப்பட்டியலில் வரி ஒதுக்கியபிறகு, அது கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் கேட்கத்தானே செய்வார்?

ஆர்லி ஹோக்‌ஷீல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். உணர்ச்சி உழைப்பு என்று தமிழில் சொல்லலாம். கை கால்களைப் போல உணர்ச்சியையும் கூலிக்கு இயக்குவது. தனக்குள் இருப்பதை அமுக்கி, கேட்கப்படுவதை முகத்தில் வரவழைப்பது. அதே நூலில் கடன் வசூலிப்பவர்களையும் அவர் எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு இட்ட கட்டளை இதற்கு நேர்மாறு: இரக்கம் தோன்றினாலும் காட்டாதே, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள். மூத்தவர் இதைக் கேட்டு, "எங்கள் ஊர் வட்டிக்கடைக்காரருக்கு அந்தப் பயிற்சி தேவைப்படவில்லை" என்றார். நெடுநேரத்துக்குப் பின் எல்லாரும் சிரித்தோம்.

முந்தின இரவு அந்த அம்மையார் சுவரோரம் நின்றதும் நினைவுக்கு வந்தது. கூடத்தில் காலி நாற்காலிகள் இருந்தன. அவர் உட்காரவில்லை, நாங்களும் உட்காரச் சொல்லவில்லை. துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நின்றே விற்கும் பெண்களை நாம் ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கிறோம். வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நிற்பதும் புன்னகையைப்போல நம் கண்ணுக்காக நடத்தப்படும் காட்சிதான். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி என்பவர், கடைப் பெண்களைப் பெண்கூட்டு என்னும் அமைப்பாகத் திரட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. 2021இல் தமிழ்நாடும் அவ்வாறே சட்டம் செய்தது. ஒரு முக்காலிக்கு இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள் வேண்டியிருந்தன.

சுவரில் சிரித்த கொழுந்துப் பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். மறையூரிலிருந்து தென்மேற்கே நாற்பது கிலோமீட்டரில் மூணாறு. அங்குள்ள தோட்டப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் படம் இல்லாத சுற்றுலா விளம்பரம் அரிது. படத்தில் சிரிக்காத பெண் அதனினும் அரிது. 2015 செப்டம்பரில், போனசு பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, அப்பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து மூணாற்றுச் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்ட நெருங்கவிடாமல், பெண்களின் ஒற்றுமை என்று பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் தாமே போராடினார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். ஒன்பது நாளில் 20 விழுக்காடு போனசும் அடுத்த மாதம் 301 ரூபாய்க் கூலியும் பெற்றார்கள். கேட்டது 500. அந்நாட்களில் செய்தித்தாள்களில் வந்த முகங்கள் வேறு; விடுதிச் சுவர்களில் மாட்டுவதற்கு யாரும் அவற்றைக் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. அம்மையாரின் தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாரோ என்று கேட்க ஆசையாக இருந்தது. அதற்கும் ஒரு கதையை எதிர்பார்ப்பதாகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

அன்றிரவு மூத்தவர் தனியே அமர்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுதியதை அழித்துத் திருத்த முடியும் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். ஐந்து நட்சத்திரம் இட்டார். வாசகத்துக்குத்தான் நேரமாயிற்று. "பரிமாறுபவர் அன்பானவர்" என்று எழுதினார். "அவர் அன்பானவரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகள். அழித்தார். கடைசியில், "உணவு சூடாகவும் வேளை தவறாமலும் வந்தது. பிள்ளைகளுக்குக் காரம் குறைத்துத் தந்தார்கள்" என்று நின்றது. நேரில் முதலாளியையும் கண்டு பேசினார். அம்மையாரிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர், "பால் பொங்குதுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை மறையூர்ப் பேருந்துக்காக விடுதி வாசலில் மூட்டை முடிச்சுகளோடு நின்றோம். பூண்டுப் பையின் மணம் எல்லாத் துணிகளுக்கும் ஏறியிருந்தது. அம்மையார் இலைக் குப்பையைக் கொட்ட வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"பஸ் இங்க நிக்காதுங்க. கீழ வளைவுல, பலாமரத்துகிட்டப் போய் நில்லுங்க. பெரியவர் பெட்டியை அந்தத் தம்பிகிட்டக் கொடுங்க, சறுக்கும்."

முகம் முதல்நாள் இரவு பார்த்த அதே முகம். ஓட்டமும் நடையுமாக வளைவுக்கு இறங்கினோம். பேருந்து வந்து, பலாமரத்தடியில் நின்றது.